ஞாயிற்றுக்கிழமைப் படகு

“இன்னும் கொஞ்சம் தண்ணி விடுங்க அண்ணாச்சி, விளிம்பு வரைக்கும் வரட்டும்” என்றார் பக்கத்து வீட்டு ஞானமுத்து.

நவநீதகிருஷ்ணன் பஞ்சாயத்துக் குழாயில் மாட்டிய டியூபைத் தூக்கிப் பிடித்தார். வாசலில் செங்கல் அடுக்குகளின் மேல் உட்கார்ந்திருந்தது, தூத்துக்குடியில் அவர் பழசாக வாங்கிய ஃபைபர் படகு. வாங்கியவருக்கு நீச்சல் தெரியாது. விற்றவர் அதைக் கேட்கவும் இல்லை.

அவர் வேலை பார்த்த சிவகாசி அச்சகத்தில் காலண்டர் சீசன் முடிந்திருந்தது. ஆமத்தூர்க் கண்மாய் பல வருஷத்துக்குப் பிறகு நிறைந்து கிடந்தது. ஞாயிறு தவறாமல் சாத்தூருக்குப் போய், சகலையின் பட்டாசுக் கம்பெனிப் பெருமையைச் சாயங்காலம் வரை கேட்க வேண்டியிருந்தது. கரையில் நின்று கூப்பிட்டால் காதில் விழாத தூரம்தான் அவருக்கு வேண்டும். மனைவி கற்பகவல்லியிடம் ‘குழம்புக்கு மீன்’ என்று சொல்லியிருந்தார்.

“மீனுக்குப் படகு வாங்கியாச்சு. முட்டைக்கு என்ன செய்யப் போறீக?” என்று மட்டும் கேட்டாள் அவள்.

படகில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க ஞானமுத்துதான் வழி சொன்னார். “குடம் ஒழுகுதான்னு எப்படிப் பாப்போம்? தண்ணிய ஊத்தித்தான? கண்மாயில எறக்கிப் பாத்தா, ஒழுகுறது தெரியுமுன்ன நீங்கள்ல முங்குவீக!”

தெருவே அதை ஒத்துக்கொண்டது. போன வாரம் ஊற்றியபோது ரெண்டு இடத்தில் ஒழுகி, பொழுது சாயுமுன் படகு காலியானது. ஞானமுத்து ஆள் கூட்டிவந்து ஓட்டையை அடைத்தார். இப்போது குனிந்து அடியைத் தடவிப் பார்த்தார்.

“ஒரு சொட்டு இல்ல!”

நவநீதகிருஷ்ணன் சந்தோஷமாக வாளியை எடுத்தார்.

“என்ன செய்றீக?” கற்பகவல்லி வாசலுக்கு வந்தாள்.

“எறைக்கப் போறேன்.”

“எங்க?”

“சாக்கடையிலதான்.”

எதிர்வீட்டு மாரிசெல்வி இடுப்புக் குடத்தைக் கீழே வைத்தாள். “வாரத்துக்கு ஒருக்கா வார நல்ல தண்ணிய சாக்கடையில ஊத்துவாகளாக்கும்?”

“பெறகு படகு எப்படிக் கண்மாய்க்குப் போகும்?”

“பொழங்கித் தீரட்டும். தீந்த மறுநிமிசம் கொண்டு போங்க, யாரு வேண்டாங்கா?” என்றாள் கற்பகவல்லி.

தீரவில்லை. பாத்திரம் கழுவினார்கள், துணி அலசினார்கள், மாரிசெல்வியும் ரெண்டு குடம் மோந்து போனாள். பாதிக்கு இறங்கும்போது குழாயில் தண்ணீர் வந்துவிடும். அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் படகு மறுபடி தளும்பும். கண்மாய்தான் வற்றிக்கொண்டே வந்தது. மாசி பிறந்தபோது நடுக்கண்மாயில் ஆடு மேய்ந்தது.

“எல்லாம் உம்மால வந்தது” என்று ஞானமுத்துவிடம் சண்டைக்குப் போனார். “யாரு உம்மட்ட ஊத்திப் பாக்கச் சொன்னா?”

“கற்பகவல்லி தங்கச்சிதான்” என்றார் ஞானமுத்து. “படகு தெருவுக்குள்ள வந்த அன்னைக்கே சொல்லி விட்டுச்சு. அடைக்க ஆள் பிடிச்சதும் அதுதான். ஒங்களுக்குத் தெரியும்னுல நெனச்சேன்?”

வீட்டுக்குள்ளேயிருந்து கற்பகவல்லியின் குரல் வந்தது. “சாத்தூர் பஸ்ஸுக்கு நேரமாச்சு. குளிச்சீகளா இல்லியா?”

நவநீதகிருஷ்ணன் படகிலிருந்து மோந்து மோந்து குளித்தார். வேட்டி மாற்றிக்கொண்டு வந்தார். தூசி விழாமல் படகின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடி, நாலு மூலையிலும் கயிற்றை இறுக்கிக் கட்டினார்.