கண் திறந்த படம்

கேமராவைக் கண்டால் எனக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். பிறவிக் கோளாறு. இந்தக் கோளாறால் பினாங்கு உத்தியோகம் போயிற்று. பத்து நாள் உயிரும் போயிருந்தது.

ஐம்பதுகளின் கடைசி. டைப்ரைட்டிங் பாஸ் செய்துவிட்டு, ஸ்ரீரங்கத்தில் அம்மா கையால் மூன்று வேளை சாப்பிடுவதையே உத்தியோகமாக வைத்திருந்தேன். காலமாகிவிட்ட அப்பாவின் சிநேகிதர் ஒருவர், பினாங்கில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர், கிளார்க் வேலை தருவதாக எழுதினார். முன்போல நினைத்தவுடன் கப்பலேற முடியாதாம். முதலாளி பேர் சொல்லிக் கேட்டால்தான் பெர்மிட். அந்த வேலை இருக்கும்வரைதான் அங்கே வாசம். கடை மாறினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவர் கடைக்கு ஒரே ஆளுக்குத்தான் அனுமதி. மாதக் கடைசிக்குள் மனுப் போட வேண்டும், போட்டோ உடனே வேண்டும் என்றிருந்தார். அம்மா அந்தக் கடிதத்தைப் பெருமாள் படத்தடியில் வைத்துவிட்டாள். அவளுக்கு வேறு நம்பிக்கை இல்லை.

மலைக்கோட்டைப் பக்கம் ஒரு சந்தில் மாடி ஸ்டூடியோ. பட்டப்பகலிலும் இருட்டு. சுவர் முழுக்கப் படங்கள். நாற்காலியில் சாய்ந்தபடி, மாலையும் கழுத்துமாக மனிதர்கள். (ஏதோ பாராட்டு விழா என்று நினைத்தேன். எப்பேர்ப்பட்ட மூளை!) மீசைக்காரர், சுமங்கலி, கைக்குழந்தை, அத்தனை பேருக்கும் ஒரே மாதிரிக் கண். நான் நகர்ந்தால் அவையும் நகர்ந்தன.

போட்டோகிராபர் ரத்தினம் என் தாடையைப் பிடித்து வாயை மூடினார். கை ஐஸாக இருந்தது.

"நீங்களாவே உக்காந்துக்கிட்டீங்க, ரொம்ப சௌகரியம்" என்றார்.

மூன்று தடவை எடுத்தார். மூன்று தடவையும் கண்ணை மூடினேன். மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்க தம்பி, நான் திறந்து வச்சிடறேன். நம்மகிட்ட வர்றவங்கள்ல யாரு கண்ணைத் திறக்கறாங்க?"

மறுநாள் படம் வந்தது. சுவரில் இருந்த அதே கண் என் முகத்திலிருந்து என்னைப் பார்த்தது. கீழே வெள்ளை மையில் என் பெயரும் தேதியும். கௌரவமாகத்தான் இருக்கிறது என்று, மனுப் பாரங்கள் பின்னால் போகட்டுமென, படத்தை மட்டும் விமானத் தபாலில் அனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்துத் தந்தி. எதிர்வீட்டு வாத்தியார் வாங்கிப் படித்தார். மோர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். மகன் காலமானதற்கு ஆழ்ந்த அனுதாபம், அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்தாயிற்று என்று தந்தி சொன்னது. அம்மா என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதாள். எனக்கும் ஒரு கணம் சந்தேகம் வந்தது.

உயிரோடிருப்பதாக எழுதிப் போட்டேன். பதில் வந்தது. கடல் கடந்து வேலைக்குப் போனவர்கள் சாவுக்கு வர முடியாதே! ஊரில் இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்துப் படமெடுத்து, மூடிய இமைமேல் கண் எழுதி, பெயரும் இறந்த தேதியும் போட்டு அனுப்புவார்களாம். அந்த ஸ்டூடியோவுக்கு அதுதான் பிழைப்பு. "என் தாயாரின் படத்தில் இருந்த அதே கண், தம்பி. கடையை அரைநாள் மூடினேன்" என்று எழுதியிருந்தார். பெர்மிட் ஜீயபுரத்துக்காரன் ஒருவன் பெயருக்குப் போய்விட்டது, மாற்ற வழியில்லை. அம்மா அந்தக் கடிதத்தைப் பெருமாளிடம் வைக்கவில்லை. எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மிச்சமான ஒரு படம் இன்னும் பெட்டியில் இருக்கிறது. புதுப்படம் எடுக்கலாமா என்று பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் என் மனைவி சொல்வாள்:

"எதுக்கு? உங்கப்பாவுக்கு எல்லாம் தயாரா இருக்கு. தேதியை மட்டும் மாத்தினாப் போதும்."