அத்தானுக்கு ஒன்றும் இல்லையாம்

கோவில்பட்டி,
26.7.98

அன்புள்ள மாப்பிள்ளை மணிகண்டபிரபுவுக்கு உன் அத்தான் பெருமாள்சாமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா சீனித்தாயும் நலம். 'நானும்' என்ற சொல்லை நான்கு மாதத்துக்குப் பிறகு முதன்முறையாக எழுதுகிறேன் என்பதைக் கவனிக்கவும். மதுரையில் நீயும் குழந்தைகளும் நலமாயிருக்கக் கழுகுமலை முருகன் துணை.

எனக்கு மிஞ்சிப்போனால் தீபாவளி வரைதான் என்றும், என் சைக்கிளை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்றும் போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா? அதைக் கிழித்துப் போட்டுவிடு. சைக்கிள் எனக்கு வேண்டும்.

நீ மருந்துக் கம்பெனி ரெப் என்பதால்தான் உனக்கு வாரம் ஒரு கடிதம் போட்டேன். நீயும் 'அத்தான், நான் மருந்து விற்கிறவன், டாக்டர் இல்லை' என்று ஒரே வரியில் கார்டு போட்டாய். வருத்தமில்லை. ஆனால் என் நிலைமையையும் யோசித்துப் பார். பங்குனியில் இடது தோளில் ஏறிய வலி, சித்திரையில் விலாவுக்கு இறங்கி, வைகாசியில் முதுகுக்குப் போய், ஆனியில் பின்கழுத்தில் குடிவந்தது. நான் கண்டக்டராகப் போகும் விளாத்திகுளம் பஸ்கூட இத்தனை ஸ்டாப்பில் நிற்காது. கண்டக்டருக்கு வலி என்று தெரிந்தால் பயணிகள் சும்மா இருப்பார்களா? வத்தல் மூட்டையோடு ஏறிய ஒரு அம்மா, "இது கிட்னியில கல்லு அண்ணாச்சி. தண்ணியக் குடிச்சே கரைச்சுப்புடணும்" என்றார். ஒரே டிரிப்பில் மூன்று பாட்டில் குடித்தேன். எட்டயபுரம் வருவதற்கு முன்பே விசில் ஊதி வண்டியை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. இறங்கிப் பார்த்தால் ஆனி மாதத்துக் கரிசல், வெறும் தரை. இந்தப் பக்கம் விளாத்திகுளம் வரைக்கும், அந்தப் பக்கம் வானம் வரைக்கும் மறைப்பு என்று ஒன்றுமில்லை. தூரத்தில் ஒரே ஒரு உடைமரம். ஓடினேன். அதன் அடியில் ஆட்டுக்காரர் ஒருவர் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஏலே, இங்கன எங்க வாரே? அங்கன போலே!" என்று கம்பை எடுத்துவிட்டார். பஸ்ஸில் ஐம்பது பேரும் சன்னலுக்கு வந்துவிட்டார்கள். புது டிரைவர் இசக்கிபாண்டி வேறு, "அண்ணாச்சி, அடுத்த ஸ்டாப்பிங் எங்கன்னு இப்பமே சொல்லிருங்க" என்று சத்தம் போடுகிறான்.

பிறகு ஈ.சி.ஜி. எடுத்தேன். ஒன்றும் இல்லை என்றார்கள். அன்றைக்குக் கரண்ட் மங்கலாக இருந்ததால் மெஷின் சரியாக எழுதவில்லை என்று முடிவு செய்து, தூத்துக்குடிக்குப் போய் இன்னொன்று எடுத்தேன். அங்கும் ஒன்றும் இல்லை. நான் போன நேரம் வலி லீவில் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உன் அக்கா, "ஒண்ணுமில்லன்னு சொன்னதுக்கு மூஞ்சியத் தொங்கப்போடுத ஆள இப்பம்தான் பாக்குதேன்" என்றாள். போன வாரம் இங்கேயே டாக்டர் கிருஷ்ணவேணி என்று ஒருவரிடம் போய், இரண்டு தாளையும் மேசையில் விரித்து, மூன்றாவது எடுக்கச் சொன்னேன். அவர் தாளைப் பார்க்கவே இல்லை.

"எப்ப ஆரம்பிச்சது?"

"பங்குனி உத்திரத்துக்கு மறுநாளு, டாக்டர்."

"அன்னைக்கு என்ன நடந்தது?"

மாப்பிள்ளை, இதை நான் உன் அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. எங்கள் பழைய டிரைவர் வெயிலுமுத்து ஸ்டீயரிங்கிலேயே இறந்ததை நீ அறிவாய். அன்று விளாத்திகுளத்தில் வண்டி எடுப்பதற்கு முன் அவன் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "பெருமாளு, என்னமோ பிடிச்ச மாதிரி இருக்குலே" என்றான். நான், "ராத்திரி தின்ன புரோட்டாலே, வாயுதான். டைம் ஆச்சு, வண்டிய எடு" என்றேன். எடுத்தான். பாதி வழியில் பஸ்ஸை ஒழுங்காக ஓரம் கட்டிவிட்டுத்தான் சாய்ந்தான். இருபத்திரண்டு வருஷம் ஒரே வண்டியில் ஓடியவர்கள் நாங்கள்.

சொல்லிவிட்டு அந்தம்மா முன்னால் சின்னப்பிள்ளை மாதிரி அழுதுவிட்டேன். அவர் தண்ணீர் கொடுத்து, "இது ஈ.சி.ஜி.ல தெரியாதுங்க. அவங்க வீட்டுக்குப் போயிட்டு வாங்க" என்றார்.

பதினாறாம் நாளுக்குப் பிறகு நான் அந்த வாசலை மிதிக்கவில்லை. கழுகுமலைக்குப் போனேன். வெயிலுமுத்துவின் சம்சாரம் பொன்மணி அப்போதுதான் தீப்பெட்டி ஆபீசிலிருந்து வந்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். காற்றில் கதவு அடித்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு செங்கலை எடுத்து முட்டுக் கொடுத்துவிட்டு, கதவைப் பார்த்தபடியே பேசினார்.

"எங்கிட்டயும் மாசியிலேருந்து சொல்லிக்கிட்டுதாம்ணே இருந்தாவ. நானும் வாயுன்னு பூண்டு உரிச்சுக் குடுத்தேன். ஒருநா அதட்டக்கூடச் செஞ்சேன். இத நான் யார்ட்டயும் சொல்லல."

நான் கிளம்பும்போது, "இனிமே யாரு வலிக்குதுன்னாலும் நாம வாயுன்னு சொல்லக்கூடாதுண்ணே" என்றார். சரி தங்கச்சி என்றேன். அன்று பஸ் ஏறி உட்கார்ந்து வெகுநேரம் கழித்துத்தான், கழுத்து வலியைத் தேட மறந்துவிட்டேன் என்பதே தெரிந்தது.

நேற்று இசக்கிபாண்டி ஒரு கையால் நெஞ்சை லேசாகத் தடவினான். உடனே விசில் ஊதினேன். "சும்மா அரிச்சுது அண்ணாச்சி!" என்று அவன் கதறக் கதற ஆட்டோவில் ஏற்றி, டாக்டர் கிருஷ்ணவேணியிடம் கொண்டுபோனேன். பஸ்ஸில் இருந்தவர்கள் என் பரம்பரையையே திட்டினார்கள். டாக்டர் சோதித்துவிட்டு, வாயு என்றார். சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. எனக்கு இல்லை.

ஆகவே மாப்பிள்ளை, இனி மாத்திரை, டானிக், சாம்பிள் எதுவும் அனுப்ப வேண்டாம். என்னைப் பார்க்க என்று லீவு போட்டு வரவும் வேண்டாம். உன் அத்தானுக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் நூறு வயசு இருக்க ஆசீர்வாதம். உன் சம்சாரத்துக்கு அக்கா அன்பைச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
பூரண சுகத்துடன்,
பெருமாள்சாமி

பி.கு.: உறையை ஒட்ட எழுந்தால் இடது கால் பெருவிரல் மரத்துப்போயிருக்கிறது. ரெண்டு மணி நேரம் சம்மணம் போட்டு எழுதினால் மரக்காமல் என்ன செய்யும் என்கிறாள் உன் அக்கா. அப்படியானால் வலது கால் ஏன் மரக்கவில்லை? அவசரம் ஒன்றுமில்லை, ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். சனிக்கிழமையே வந்தாலும் சரி. வரும்போது நரம்புக்கு ஏதாவது சாம்பிள் இருந்தால் எடுத்து வா.