பெண் பார்க்கும் நாளில் பன்னிரண்டு வோல்ட்

எலெக்ட்ரிக்கல் படித்தவர்களுக்கு, வீட்டில் எதையும் கழற்றாமல் இருக்கும்வரைதான் மரியாதை. நானோ, என்னைப் பெண் பார்க்க வந்த நாளில் மோட்டாரில் கை வைத்தேன்.

ஓடைப்பட்டியில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். மாப்பிள்ளை வீட்டார் ஆண்டிபட்டி. போட்டோவிலேயே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று (வெட்கமென்ன வெட்கம், ரொம்பவே பிடித்தது!). எப்படியாவது அவர் அம்மாவை அசத்திவிட வேண்டும். திராட்சைத் தட்டு தானாகச் சுற்றினால் எப்படியிருக்கும்? அண்ணன் மகன் ஓட்டி உடைத்த பொம்மை ஜீப்பிலிருந்து ஆறு வோல்ட் மோட்டாரைக் கழற்றினேன். ஜீப்பின் பேட்டரி செத்துக் கிடந்ததால் செல்போன் சார்ஜரில் இணைத்தேன். வெறும் தட்டு அழகாகச் சுற்றியது. பழத்தை அடுக்கியதும் நின்றுவிட்டது. உர்ரென்று உறுமல் மட்டும் வந்தது.

"மாப்ள வீட்டுக்காரக தெரு முக்குக்கு வந்துட்டாக! இங்கன என்னடி நோண்டிக்கிட்டிருக்க?" என்று அம்மா கத்தினாள்.

வோல்ட் மோட்டாருக்குப் பொருந்த வேண்டும், ஆம்பியர் சுமைக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். சார்ஜரில் ஆம்பியர் போதவில்லை, அவ்வளவுதான். பரீட்சையில் இதையே எழுதி மார்க் வாங்கியவள் நான். பதற்றத்தில் அந்தப் படிப்பெல்லாம் எங்கே போனதோ, தோட்டத்துக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரின் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியைத் தூக்கிவந்து மாட்டிவிட்டேன்.

எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். பெருமையாக சுவிட்சைப் போட்டேன். ஐயோ, திராட்சை பறந்தது பாருங்கள்! முதல் கொத்து மாப்பிள்ளையின் அம்மா நெற்றியில். அடுத்தது அவர் காபி டம்ளரில். மாப்பிள்ளை குனிந்து தப்பித்தார். அப்பா ஓடிவந்து வயரைப் பிடுங்கினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு!

அந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, மடியில் கிடந்த பழம் ஒன்றை வாயில் போட்டார். "எங்க கெணத்து மோட்டாரு என்னைக்குடா ஒழுங்கா ஓடிருக்கு? இந்தப் புள்ள கை வச்சா இந்தப் போக்கு போகுதே! வேற எங்கனயும் பாக்க வேணாம்யா, இவளையே முடிச்சிருவோம்" என்றார் மகனிடம்.

முடித்துவிட்டார்கள். சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். ஆனால் எந்த விசேஷத்துக்குப் போனாலும் மாமியார் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்: "கல்யாணத்துக்குப் பெறகு மாமியார அடிக்கிற மருமகள பாத்திருப்பீக. பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே அடிச்சவ எங்க வீட்டுலதான் இருக்கா!"