யார், யாரிடம் சொன்னது?

“மகன்னு எந்த வரியில இருக்கு?”

கவிதையில் தாய் மகனிடம் கேட்கிறாள் என்ற பதிலுக்குப் பேராசிரியை கேட்டது அவ்வளவுதான். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்க்கும் அவளுக்கு, முறிந்த எலும்பை யாரோ அழுத்திப் பார்த்ததுபோல இருந்தது. கையிலிருந்த தாளை மறுபடி பார்த்தாள். மொத்தமே ஐந்து வரி.

கதவைத் தாழிட்டாயா என்கிறாய்.
அடுப்பை அணைத்தாயா என்கிறாய்.
குடை எடுத்துக்கொண்டாயா என்கிறாய்.
நான் வீட்டுக்குள்தான் இருக்கிறேன்.
வெளியே மழையும் இல்லை.

எந்த வரியிலும் மகன் இல்லை. பேராசிரியையின் நிஜ மகன் சோபாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தான். அதே ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில் ஆயிரம் மாத்திரைப் பெயர்களை மூச்சுவிடாமல் சொல்பவன், இன்று வாசலில் வைத்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று.

“எந்தக் கவிதை குடுத்தாலும் தாய்ப்பாசம்னு சொல்லிடு. அம்மா அப்படியே குளிர்ந்துடுவாங்க.”

அந்த வீட்டு வழக்கம் அப்படி. பேராசிரியை இருபத்தாறு வருஷம் கல்லூரியில் கவிதை நடத்தி ஓய்வு பெற்றவர். சம்பந்தம் பேச யார் வந்தாலும் படிப்பு, வேலை எதையும் விசாரிக்கமாட்டார். குடும்பத்தைப் பற்றிய கவிதை ஒன்றை, எழுதியவர் பெயர் இல்லாமல் நீட்டுவார். யார் பேசுகிறார்கள், யாரிடம், அன்பு எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். போன வருஷம் மூத்த மகளைக் கேட்டு வந்த எஞ்சினீயர், “நல்லா இருக்குங்க” என்றார். அவர் காபியை முடிப்பதற்குள், வாசலில் அவருடைய செருப்பு தெருவைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

இன்று பேராசிரியை தலையசைத்தால் கல்யாணம். இல்லையென்றால் அவளுக்கும் செருப்புதான்.

“மகன் இல்லைன்னா... மகளா இருக்கலாம்,” என்றாள்.

“இருக்கலாமா? ஊகமா?”

“இல்ல அத்தை...” நாக்கைக் கடித்துக்கொண்டாள். “இல்ல ஆன்ட்டி.”

“ஓ, அதையும் முடிவு பண்ணியாச்சா?”

“அம்மா, அவ ஏதோ படபடப்புல...” என்று ஆரம்பித்தான் அவன்.

“நீ சும்மா இரு. தாய்ப்பாசம்னு சொல்லிக்கொடுத்தது நீதானே? ஸ்கூல்ல ரயிலைப் பத்தின கவிதைக்கே தாய்ப்பாசம்னு எழுதினவன் நீ.”

அவன் சும்மா இருந்தான். அவளால் இருக்க முடியவில்லை.

“ஒருவேளை பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறாரோ?”

பேராசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவன் தலையைப் பிடித்துக்கொண்டான். வீட்டில் அந்தக் கண்ணாடி கழன்றால் கதை முடிந்தது என்று அர்த்தம்.

“முதல்ல நீ சொன்னதுதாம்மா சரி!” என்றார் பேராசிரியை. “மகன் தனியா வெளியூர்ல இருக்கான். தாய் போன்ல கேட்கிறா. பழைய பத்திரிகையில பேர் போடாம வந்த கவிதை இது. நான்தான் கண்டுபிடிச்சு வகுப்புக்குக் கொண்டுவந்தேன். நீ சரியான பதிலைச் சொல்லிட்டு, ஒரே ஒரு கேள்விக்குப் பயந்து பக்கத்து வீடு வரைக்கும் ஓடிட்டியே!”

அவன் அவளைக் காலால் இடித்தான். ‘ஆமாம் என்று சொல், சொல்லிவிடு’ என்று அவன் கண் கெஞ்சியது. அவளும் ஆமாம் என்றுதான் வாயைத் திறந்தாள். பார்வை தாளில் விழுந்தது. மூடிக்கொண்டாள்.

“முதல்ல சொன்னதும் தப்பு ஆன்ட்டி.”

“என்னது?”

“எங்க வேலையில படத்துல தெரியறதை மட்டும்தான் சொல்லணும். அப்படிப் பார்க்கட்டுமா?”

“பாரேன்.”

அவள் எழுந்து, பழக்கதோஷத்தில், தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடித்தாள்.

“போன் எங்கேயும் இல்ல. வெளியூர்னும் ஒரு வார்த்தை இல்ல. அப்போ ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான் இருக்காங்க. வீட்டுக்குள்ள நிக்கிறவரைப் பார்த்து ‘குடை எடுத்துக்கிட்டியா’ன்னு கேட்டா, கேட்கிறவங்க நிமிர்ந்தே பார்க்கலைன்னு அர்த்தம். மூணு கேள்வி இருக்கு, ஒரு பதில்கூட இல்ல. பதில் சொல்ல அவருக்கு இடைவெளியே கிடைக்கல.”

“அப்போ அன்பே இல்லேங்கறியா?”

“நிறைய இருக்கு ஆன்ட்டி. கேட்கிறவங்களுக்கு இருக்கிற அன்புதான் கேள்வியாக் கொட்டுது. இவருக்கும் இருக்கு. இல்லைன்னா எப்பவோ கத்தியிருப்பார். கத்த மனசு வராம உட்கார்ந்து எழுதியிருக்கார்.” தாளை இறக்கினாள். “மகன்னா அம்மாகிட்ட கத்திட்டுப் போயிருப்பான். இவர் மகன் இல்ல. புருஷன்.”

அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

“இருபத்தாறு வருஷம்,” என்றார் பேராசிரியை, ஒவ்வொரு எழுத்தாக. “என் புத்தகத்துல இதுக்கு ஆறு பக்கம்.”

“ஆறு பக்கம்தானே ஆன்ட்டி, அடுத்த பதிப்புல மாத்திக்கலாம்.”

ஆறுதலாகத்தான் சொன்னாள். பேராசிரியை விருட்டென்று எழுந்துவிட்டார்.

“எழுதினவர் யாரோ, அவரே நேர்ல வந்து நின்னு சொல்லட்டும். அப்போ ஒத்துக்கறேன், இந்தப் பொண்ணு எனக்கு மருமகள்னு!”

காபி போட உள்ளே போயிருந்த அவனுடைய அப்பா, தட்டோடு வந்து எல்லோருக்கும் நடுவில் நின்றார். முதல் கோப்பையை அவளிடம் நீட்டிவிட்டு மகன் பக்கம் திரும்பினார்.

“டேய், கல்யாணத்துக்கு நாள் பார்த்துடலாம்டா. நான் எழுதினது இந்த வீட்டுல ஒருத்தருக்காவது புரிய இருபத்தொன்பது வருஷம் ஆச்சு.”