தொட்டிப் பாசியை உடனே எடுத்துப் போகும்படி

அன்பு மகளுக்கு அப்பா ஆசியுடன் எழுதுவது. இங்கே நான் சுகம். நீ விட்டுச் சென்ற பாசி என்னைவிடச் சுகம். அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நானே நினைத்துக்கொள்கிறேன்.

"கொஞ்ச நாள் பாத்துக்கோங்கப்பா, ஆலைப் புகையத் தின்னுட்டு எண்ணெய் குடுக்கிற பாசி இது" என்று கூடத்து ஜன்னலோரம் கண்ணாடித் தொட்டியை வைத்துவிட்டு மாற்றலாகிப் போனாய். நீ போன கையோடு, காற்று ஊதும் மோட்டார் மண்டையைப் போட்டது. தண்ணீர் வெளிறி, பாசி அடியில் படுத்துவிட்டது. புகைதானே ஆகாரம் என்று தொட்டியைக் கீழே தூக்கிப்போய், வாசலில் என்ஜினை அணைக்காமல் நின்ற டாக்சியின் புகைக்குழாயில் ரப்பர் குழாயைச் செருகினேன். காலமெல்லாம் கொதிகலனில் புகை விட்டவனுக்கு இதுகூடத் தெரியாதா? குழாய் உருகித் தெருவே நாறியது. டாக்சிக்காரர் ஓடிவந்து, "என்ன சார், என் வண்டிக்கு ட்ரிப்ஸ் ஏத்துறீங்களா?" என்றார்.

அப்புறம்தான், கரியமில வாயு நம் மூச்சிலும் உண்டு என்று பள்ளிக்கூட நாளில் நீ பாடம் ஒப்பித்தது நினைவுக்கு வந்து, புதுக் குழாய் வாங்கி வாயாலேயே ஊத ஆரம்பித்தேன். தலை சுற்றியது. ஊதுவதைவிடக் குழாயில் பேசுவது சுலபம் என்று கண்டுகொண்டேன். முதலில் செய்தித்தாள் வாசித்தேன், அது முடிந்ததும் முழங்கால் வலி, அதுவும் தீர்ந்ததும் உன் அம்மா. அவள் போனபின் இந்த வீட்டில் இவ்வளவு பேச்சு நடந்ததே இல்லை. நீ போனில் "அப்புறம்ப்பா?" என்றால் எனக்கு ஒரு வார்த்தை வராது, குழாயைப் பிடித்தாலோ நிறுத்த வரவில்லை. பக்கத்து வீட்டு டீச்சர் கதவைத் தட்டி, "விருந்தாளி வந்திருக்காங்களா சார்?" என்றார். வெட்கத்தில் "ஆமாங்க" என்றுவிட்டேன். இரண்டு காபி கொண்டுவந்து கொடுத்தார். இரண்டையும் நானே குடித்தேன்.

பாசி கரும்பச்சையாகத் திரண்டுவிட்டது. என் புலம்பலில் எத்தனை சொட்டு எண்ணெய் தேறும் என்று நீதான் சொல்ல வேண்டும். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது, இனி ஒரு நாள்கூட ஆகாது. உடனே இதை என் தலையிலிருந்து இறக்கு.

உன் வேலை செழிக்கட்டும், உடம்பு திடமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: உறையை ஒட்டும்போது உங்கள் ஆபீஸ் ஆள் வேனோடு வந்து, "மேடம் அனுப்புனாங்க, தொட்டிய எடுத்துட்டுப் போகணும்" என்றார். கதவைப் பாதி திறந்து, "வீடு மாறி வந்துட்டீங்க தம்பி" என்று அனுப்பிவிட்டேன். தொண்டை இப்போது சரியாகிவிட்டது. தொட்டியை உன் கையில்தான் கொடுப்பேன்.