ஒன் மினிட் அண்ணன் உட்கார்ந்த நாள்

தாம்பரத்தைச் சுற்றி நான் பார்த்த மனிதர்களிலேயே, தோற்றதை ஒப்புக்கொள்ள இவ்வளவு பாடுபட்ட ஆள் வேறு யாரும் கிடையாது. தேர்தலில் டெபாசிட் பறிகொடுத்தவர்கள்கூட மறுநாள் காலை டீக்கடைக்கு வந்து சிரிக்கிறார்கள். எங்கள் சேலையூர் தெருவின் ஒன் மினிட் அண்ணன் மட்டும், கடைசியாகத் தோற்று இருபத்திரண்டு வருஷம் ஆன பிறகும் "அந்த மேட்ச் இன்னும் முடியல சார்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் முன்னாள் குத்துச்சண்டை வீரர். ஆனால் 'முன்னாள்' என்ற வார்த்தையை அவர் காதுபடச் சொல்லிவிட முடியாது. தொழில், வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுவது. வலது தோளில் ஒன்று, இடது தோளில் ஒன்று. லிஃப்ட் இருக்கும் அபார்ட்மெண்டிலும் படிக்கட்டுதான். கேட்டால், "லிஃப்ட்ல போனா காலு மறந்துடும் சார்" என்பார். கால் எதை மறக்கும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். உட்காருங்கள் என்றால் உட்காருவார், சரியாக ஒரு நிமிஷம். குத்துச்சண்டையில் ரவுண்டுக்கு நடுவே ஓய்வு அவ்வளவுதானாம். அதற்கு மேல் உட்கார்ந்தால் உடம்பு ஆறிப்போகுமாம். என் மனைவி காபி கொண்டுவருவதற்குள் எழுந்து, சூடான காபியைக் கால் மாற்றிக் கால் குதித்தபடியே குடிப்பார். எங்கள் வீட்டு ஹால் சுவரில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. மேடவாக்கத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் இவர் பாதியில் எழுந்ததைப் பார்த்து, பந்தி முடிந்துவிட்டது என்று பக்கத்து இலைக்காரரும் பாயசத்துக்கு முன்பே எழுந்துவிட்டார். அந்தப் பக்கத்து இலைக்காரர் நான்தான்.

ஒரு மே மாதத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. பம்மலில் ஒரு பாக்ஸிங் கிளப்பின் ஆண்டு விழா. காட்சிப் போட்டிக்கு ஒரு ஆள் குறைகிறதாம். அண்ணனுக்கு அப்போது வயது ஐம்பத்தொன்று.

"சார், திரும்பி வந்துகினு கீறேன்" என்றார்.

"எங்கேர்ந்துண்ணே?"

"ரிங்குக்கு சார்!"

பத்து கிலோ குறைய வேண்டும். அதற்கு அவர் கண்ட வழி, உச்சி வெயிலில் தலை முதல் முழங்கால் வரை ரெயின்கோட் மாட்டிக்கொண்டு கேம்ப் ரோட்டில் ஓடுவது. முதல் நாள் அவர் ஓடியதைப் பார்த்த பெண்கள் பலர், மழை வரப்போகிறது என்று மொட்டை மாடிக்கு ஓடிக் காயப்போட்ட துணிகளை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் வீட்டு மாமி வடாமையும் அள்ளிக்கொண்டு இறங்கினார். அண்ணன் எடை குறைந்ததோ இல்லையோ, அந்த வருஷம் எங்கள் தெருவில் யார் வீட்டு வடாமும் ஒழுங்காகக் காயவில்லை.

அவர் மனைவி எஸ்தர் அக்கா ஜாக்கெட் தைப்பவர். மிச்சம் விழுந்த ரோஸ் கலர் லைனிங் துணியில் டவுசர் தைத்து, ஓரத்தில் ஜரிகையும் வைத்துக் கொடுத்தார்.

"இன்னாத்துக்கு ஜரிகை?" என்று அண்ணன் எகிறினார்.

"போட்டுகினு போய்யா. அடிபட்டு வுயுந்தாலும் பாக்க லட்சணமா கீணும்."

அண்ணனுக்கு ரிங்கின் மூலையில் நின்று ஸ்டூல் போட, தண்ணீர் கொடுக்க ஒரு ஆள் வேண்டுமாம். பத்திரிகையில் எழுதுகிறவன் என்ற ஒரே தகுதிக்காக என்னைப் பிடித்துப்போட்டார். கையில் ஒரு வெள்ளைத் துண்டையும் கொடுத்தார். அதை ரிங்குக்குள் எறிந்தால் எங்கள் பக்கம் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

"இன்னா ஆனாலும் துண்டைப் போடக் கூடாது. போட்டீங்க, நாளைலேர்ந்து உங்க வூட்டுக்குக் கேன் கெடையாது."

மே மாதம். எங்கள் தெருவில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். என் நிலைமை உங்களுக்குப் புரியும்.

எதிராளி யார் என்று பார்த்தால், மேடவாக்கத்தில் மூன்றாவது மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர் பிரவீண். அவர் வீட்டுக்குக் கேன் போடுவது நம் அண்ணன்தான். பிரவீணுக்குக் கை எழவில்லை. லேசாகத் தொடுவார், உடனே "சாரிண்ணா" என்பார். முதல் ரவுண்டில் பதினோரு சாரி எண்ணினேன்.

"சாரி இன்னாடா சாரி? அடிடா!" என்று அண்ணன் கத்தினார். "கேன் வந்துகினுதான் இருக்கும், பயப்படாத!"

ரவுண்டு முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்தவருக்கு வாயில் ஊற்ற வேண்டிய தண்ணீரை நான் பதற்றத்தில் கண்ணில் ஊற்றினேன். இரண்டாவது ரவுண்டில் பிரவீண் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு குத்து விட்டார். அது தாடையில் விழுந்தது. அண்ணன் தரையில் உட்கார்ந்து, எந்த மாடிக்குக் கேன் கொண்டுவந்தோம் என்று மறந்துபோனவரைப் போலச் சுற்றிலும் பார்த்தார். ரெஃப்ரி எட்டு எண்ணுவதற்குள் எழுந்தும்விட்டார். ஆனால் கால் இரண்டும் ஆளுக்கொரு திசையில் போயின.

துண்டை எறிந்திருக்க வேண்டும். நான் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்.

கூட்டத்திலிருந்து எஸ்தர் அக்கா எழுந்து வந்தார். செருப்பை மேடைக்குக் கீழே ஒழுங்காகக் கழற்றி வைத்தார். கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே நுழைந்து, இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார்.

"போதும். வாய்யா வூட்டுக்கு."

ரெஃப்ரி உட்பட எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள், அண்ணனைத் தவிர.

"அவன் என்னை ஜெயிக்கல சார். எம் பொண்டாட்டி உள்ள வந்துட்டா. ரூல் புக்குல பொண்டாட்டிக்கு எடமே கெடையாது. மேட்ச் செல்லாது!"

மறுநாளே ரெயின்கோட் வெளியே வந்தது. இதுவரைக்கும் சிரிப்புதான். ஒரு வாரம் கழித்து, பிரவீண் வீட்டுப் படிக்கட்டில் இரண்டு கேனையும் இறக்கி வைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றிருக்கிறார். பிரவீண்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இனிமேல் தலையில் ஒரு அடி பட்டாலும் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். எஸ்தர் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து அழுதார். "ஆளே பூடுவாரு சார், நீங்க சொன்னா கேப்பாரு" என்றார். நான் சொன்னேன். ஒரு நிமிஷம் உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்த மாதக் கடைசியில், எதிர் வீட்டு ஹெட் கிளார்க் சாமுவேல் சார் ஓய்வு பெற்றார். வழக்கம்போல ஆபீஸ் சகாக்கள் மாலையும் சால்வையும் போட்டு, சுவர்க்கடிகாரம் கொடுத்து, காரில் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள். கேனும் கையுமாக வந்த அண்ணன் என் பக்கத்தில் நின்று கடைசிவரை பார்த்தார்.

"இவுரு இன்னா சார் சாதிச்சாரு, இம்மாம் பெரிய மாலை?"

"முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தார்ண்ணே. முடிஞ்சுது. கூட இருந்தவங்க கொண்டாந்து விடறாங்க."

அண்ணன் குதிப்பதை நிறுத்தினார்.

"என்னை யாரும் கொண்டாந்து விடல சார். பல்லாவரத்துல கடைசி மேட்ச் தோத்துட்டு, வீங்கின மூஞ்சோட பஸ்ல நின்னுகினு வந்தேன். டிக்கெட் குடுத்தவரு மூஞ்சியப் பாத்துட்டு, தள்ளி நில்லுய்யான்னார். அத்தோட எப்டி சார் முடிக்கறது?"

இத்தனை நாள் இவர் ஜெயிக்க ஆசைப்படுகிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தெரு கூடிப் பேசியது. கூட வேலை பார்த்தவர்கள்தான் கொண்டுவந்து விட வேண்டும், அதுதான் முறை. ஒரு பாக்ஸரோடு கூட வேலை பார்த்தவர்கள் யார்? அவரைக் குத்தியவர்கள்தானே! தேடிப் பிடித்தோம். ஒருகாலத்தில் அவர் மூக்கை உடைத்தவர் பம்மலில் லேத் பட்டறை வைத்திருந்தார். முன்பல் இரண்டைக் கழற்றியவர் பி.டி. மாஸ்டர். மூக்குக்காரர் மாலை வாங்கி வந்தார், பல்லுக்காரர் சுவர்க்கடிகாரம். பிரவீண் சால்வையோடு அன்றைய கணக்குக்கு நாலு சாரியும் கொண்டுவந்தார்.

பல்லாவரத்தில் அந்தக் கடைசி மேட்ச் நடந்த மைதானம் இருந்த இடத்தில் இப்போது அபார்ட்மெண்ட். அதனால் அவர் அன்று ஏறிய பஸ் ஸ்டாப்பிலேயே விழாவை வைத்துக்கொண்டோம். பஸ்ஸுக்கு நின்றவர்களும் கை தட்டினார்கள். மூக்குக்காரர் பேசினார்: "நான் எவ்ளோ பேரையோ அடிச்சிருக்கேன். அடிச்ச கை மூணு நாளு வலிச்சது இவுரு ஒருத்தர அடிச்சப்போதான்." அண்ணன் மாலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

கேன் ஏற்றும் அவருடைய குட்டி யானை வண்டியிலேயே ஊர்வலம். பின்னால் நாற்காலி போட்டிருந்தோம். அதில் எஸ்தர் அக்காவை உட்காரவைத்துவிட்டு, அண்ணன் ஜரிகை டவுசரோடும் மாலையோடும் நின்றபடியே வந்தார். வாசலில் இறங்கினதும் மூன்று பேரையும் கட்டிக்கொண்டார். அடித்த கைகள் மூன்றும் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தன. கடிகாரத்தை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் உள்ளே எடுத்துப் போனார்.

மறுநாள் காலை கேனை இறக்கிவிட்டு எங்கள் ஹாலில் உட்கார்ந்தார். பழக்க தோஷம், என் கண் கடிகாரத்துக்குப் போயிற்று. ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. காபி வந்தது. சாய்ந்துகொண்டு, ஊதி ஊதிக் குடித்தார்.

"இன்னா சார், உங்க வூட்டுக் காபி இம்மாம் நல்லா கீது? இத்தினி வருசமா தெரியாம போச்சே!"

எனக்கு ஆபீசுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இன்னொரு டம்ளர் போடச் சொல்லிவிட்டு, நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.