எல்லோருக்கும் தொண்ணூற்றெட்டு

பேசிக் கொடுக்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் ஊரிலும் இருக்கிறார், தேடி அலைய வேண்டாம். அரசாங்கக் கச்சேரியில் கிளார்க் உங்களைப் பார்த்து "பெயர் என்ன?" என்று கேட்பார், பக்கத்தில் நிற்கிறவர் உங்கள் பெயரைச் சொல்லுவார். வங்கியில் "கையெழுத்து எங்கே?" என்பார்கள், "அவர் வைப்பார்" என்று இவர் சொல்லுவார். பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளையிடம் "தேத்தண்ணிக்குச் சீனி போதுமா?" என்று கேட்டால் "அவருக்குக் கொஞ்சம் கூட வேணும்" என்று சொல்லுகிறவரும் இவர்தான். உங்களுக்கு வாய் இருப்பது இவருக்குத் தெரியும். அதைச் சோறு தின்னத் தந்திருக்கிறது என்பது இவருடைய அபிப்பிராயம்.

சாதாரண காலங்களில் இவரால் பெரிய சேதம் இல்லை. கொஞ்சம் அலுப்பு, அவ்வளவுதான். ஆனால் கொரோனா வந்து, எங்கள் ஊர்ப்பக்கத்து வாவியைத் தாண்டி ஒருவரும் போகக் கூடாது, ஆஸ்பத்திரிப் பக்கம் சும்மா வரக் கூடாது, டொக்டர் போனிலேயே பார்ப்பார் என்று ஆன அன்று இந்த இனத்துக்கு அடித்ததே யோகம்! அதுவரை கச்சேரி வாசலிலும் வங்கி வரிசையிலும் சில்லறையாகப் பேசிக் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு ஊர் முழுவதின் நோயும் மொத்தமாகக் கிடைத்தது.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையிலிருந்து இன்னும் உள்ளே. எங்கள் ஆள் வினாயகமூர்த்தி அண்ணன், கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர். பதினெட்டு வருசமாகச் செயலாளர். சங்கத்தில் இப்போது அவரையும் முத்திரையையும் தவிர வேறு ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. போன் கிளினிக்கின் நம்பர் அவர் பெயருக்குத்தான் வந்தது. கூடவே விரலில் கொழுவி ஒட்சிசன் பார்க்கிற சின்ன மெசின் ஒன்றும், ஊருக்கு ஒன்று என்ற கணக்கில், அவர் கையில் வந்து சேர்ந்தது. "மருத்துவம் இனி உங்கள் உள்ளங்கையில்" என்று அச்சடித்த துண்டுப் பிரசுரமும் வந்தது. யாருடைய உள்ளங்கை என்று அதில் எழுதியிருக்கவில்லை.

ஊரில் போன் இல்லாத வீடு இல்லை. ஆனால் வீடுகளுக்குள் சிக்னல் இல்லை. குளக்கட்டில், மருதமரத்துக்குக் கீழே, மேற்குப் பார்த்து நின்றால்தான் முகம் தெரியப் பேசலாம். நோயாளி வீட்டிலே, வாசலில் சிவப்பு நோட்டீசு, வெளியே காலெடுத்து வைக்கக் கூடாது. சிக்னல் அரை மைல் தள்ளிக் குளக்கட்டிலே. இரண்டுக்கும் நடுவில் ஒருவர் தேவையா இல்லையா? அந்த இடைவெளி தமக்காகவே படைக்கப்பட்டது என்று வினாயகமூர்த்தி அண்ணன் நம்பினார்.

காலை ஒன்பது மணிக்கு அவர் புறப்படுவதைப் பார்க்க வேண்டும். மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சேர்ட், பையில் இரண்டு பேனை, முகத்தில் பவுடர், அதன் மேல் மாஸ்க். கீழே பழைய சாரம், ஏனென்றால் கமரா இடுப்புக்குக் கீழே போகாது. முதலில் வீடு வீடாகப் போவார். உள்ளே போகமாட்டார். வேலிக் கடப்புக்கு வெளியே இருபதடி தள்ளி நின்றுகொண்டு, "என்ன செய்யுது?" என்று சத்தம் போட்டுக் கேட்பார். உள்ளேயிருந்து பதில் வரும். பாதி காற்றில் போகும். மீதியைக் குளக்கட்டுக்குக் கொண்டுபோகும் வழியில் அவர் திருத்துவார். திருத்தாமல் எப்படி? ஒரு டொக்டரிடம் போய் வாந்தி, வயிற்றோட்டம் என்று பச்சையாகச் சொல்லலாமா? ஊருக்கு ஒரு மரியாதை இல்லையா? ஆகவே நெருப்பாகக் காய்கிற காய்ச்சல் "லேசான சூடு" ஆகும். இரவெல்லாம் இருமினவர் "இடைக்கிடை செருமுறார்" ஆவார். எல்லாம் சொல்லி முடித்தபின், "மெடம், ஒரு சின்ன விசயம், எனக்கும் இந்த முழங்கால்..." என்று தொடங்குவார். அதை மட்டும் திருத்தமாட்டார். எந்த முழங்கால், எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, எல்லாம் விவரமாக வரும்.

டொக்டர் சொல்லுகிற பதிலும் அதே வழியால்தான் திரும்பி வர வேண்டும். அதற்கும் அதே கதி.

இப்படி நடந்துகொண்டிருக்கையில் சாமித்தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. சாமித்தம்பி வேளாண்மைக்காரன், எனக்கு அடுத்த வளவு, ஐம்பத்தெட்டு வயது. வயல் வட்டையில் மூடையைத் தோளில் வைத்துக்கொண்டு வரம்பில் ஓடுகிற ஆள். ஐந்தாம் நாள் காலை வினாயகமூர்த்தி அண்ணன் கடப்பில் வந்து நின்றபோது நானும் என் வேலியருகே நின்றேன். சாமித்தம்பியின் பெண்சாதி இலட்சுமிப்பிள்ளை வாசலில் நின்று சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அண்ணன், அவருக்குப் படுக்க ஏலாம இரிக்கி. ராவெல்லாம் குந்திக்கொண்டுதான் இருந்தவரு. ஒரு வாய் சோறு மெல்ல முன்ன மூச்சு வாங்குது. எனக்குப் பயமா இரிக்கி அண்ணன்."

"பயப்பிடாதீங்க தங்கச்சி. நான் பேசிக் குடுக்கிறன்."

"முந்தநாள் டொக்டர் என்னண்டு சொன்னவ?"

"ஓய்வெடுக்கட்டாம். கொத்தமல்லி அவிச்சுக் குடிக்கட்டாம்."

முந்தநாள் குளக்கட்டில் டொக்டர் போனில் சொன்னதை நானும் கேட்டவன். குப்புறப் படுக்க வையுங்கள், நெஞ்சுக்குக் கீழே தலையணை வையுங்கள், மூச்சு வாங்கினால் உடனே சொல்லுங்கள் என்றுதான் அவர் சொன்னார். ஐம்பத்தெட்டு வயது மனிசனைக் குப்புறப் படு என்று எப்படிச் சொல்லுவது? சங்கடம். அதனால் அது "ஓய்வு" ஆகியது. கொத்தமல்லி, செயலாளர் தன் பொறுப்பில் சேர்த்துக்கொண்டது.

அன்றும் நான் குளக்கட்டுக்குப் போனேன், வெளிநாட்டில் இருக்கும் மகனோடு பேசுவதற்கு. மருதமரத்துக்கு அந்தப் பக்கம் அண்ணன் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். போனில் டொக்டர் சுலோஜனா, வாவிக்கு அங்கால் பட்டணத்தில் இருந்துகொண்டு ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேரைப் போன் கண்ணாடிக்குள்ளால் பார்க்கிற பிள்ளை. குரலே களைத்துப் போயிருந்தது.

"சாமித்தம்பி எப்படி இருக்கார்?"

"பரவாயில்லை மெடம். பேஷண்ட் நோர்மல். கொஞ்சம் அலுப்பு, அவ்வளவுதான்."

நீங்கள் கேட்பீர்கள், "நீ பக்கத்தில்தானே நின்றாய், அலுப்பில்லை, மூச்சு வாங்குகிறது என்று ஒரு சத்தம் வைத்திருக்கக் கூடாதா?" என்று. நியாயமான கேள்வி. செயலாளர் பேசும்போது குறுக்கே பேசுவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. அந்த மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டு நான் நின்றேன். இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"மெசினை விரலில் போட்டுக் காட்டுங்க."

வினாயகமூர்த்தி அண்ணன் சேர்ட் பையிலிருந்து மெசினை எடுத்தார், வாயால் ஊதினார், தன் ஆள்காட்டி விரலில் கொழுவினார், கமராவுக்கு முன்னே பிடித்தார். ஒரு கள்ளம் இல்லை, ஒரு கூச்சம் இல்லை. விரலில் போட்டுக் காட்டச் சொன்னார்கள், காட்டினார். குளக்கட்டில் வேறு யாருடைய விரல் இருக்கிறது? மெசினைக் கொரோனாக்காரர் விரலில் போட்டால் அது பழுதாகிவிடும் என்ற கவலையும் அவருக்கு இருந்தது.

"தொண்ணூற்றெட்டு, மெடம். பெஸ்ட்."

சிக்னல் போய்விடுமோ என்று அவர் போனை இன்னும் உயர்த்தினார்.

"ஐயா, கையை எடுக்காதீங்க. அப்பிடியே வைச்சிருங்க."

"வைச்சிரிக்கன் மெடம்."

"அந்தப் பச்சைக்கல் மோதிரம் சாமித்தம்பியின்டதா?"

"இல்ல மெடம், என்ட. திருகோணமலையில வாங்கினது."

"நேற்றுப் பூரணம் எண்டு ஒரு அம்மான்ட ஒட்சிசன் காட்டினீங்க. அவவும் இதே மோதிரந்தான் போட்டிருந்தவ. முந்தநாள் ஒரு கர்ப்பிணிப் பிள்ளையின்ட காட்டினீங்க. அந்தப் பிள்ளையின்ட விரலில நரைமயிர் இருந்திச்சு. நானும் கண் மங்கிப் போச்சாக்கும் எண்டு விட்டுட்டன். ஒரு கிழமையா உங்கட ஊரில எல்லாருக்கும் தொண்ணூற்றெட்டு. நீங்க இப்ப எங்க நிக்கிறீங்க?"

"குளக்கட்டில மெடம்."

"சாமித்தம்பி எங்க?"

"வீட்ட."

"எவ்வளவு தூரம்?"

"அரை மைல் வரும்."

"அரை மைலுக்கு அங்கால இருக்கிற மனிசன்ட ஒட்சிசனை உங்கட விரல்லயா பாக்கிறீங்க?"

அந்த மனிதர் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "மெடம், மெசின் ஊருக்குப் பொது" என்றார்.

டொக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. மெதுவாக, ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரிச் சொன்னார்: "ஓடிப்போய் அதை அவர்ட விரலில போடுங்க. நான் அம்புலன்ஸுக்குச் சொல்லுறன். உங்களோட வேற யாரும் நிக்கிறாங்களா?" நான் மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். மகன் போனில் "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தான்.

என் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனோம். வழி முழுவதும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினெட்டு வருசத்தில் முதல் தடவையாக இருக்கும். கடப்பில் வண்டியை நிறுத்தினதும் இலட்சுமிப்பிள்ளை ஓடி வந்து மெசினைப் பறித்துக்கொண்டு உள்ளே போனாள். திறந்த கதவுக்குள்ளால் சாமித்தம்பி தெரிந்தான். கதிரையில் முன்பக்கம் சாய்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சைப் பிடித்துப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். மூடை தூக்குகிற மனிசன் ஒரு சொல்லைத் தூக்க முடியாமல் இருந்தான். எனக்கு அழுகை வந்தது.

உள்ளேயிருந்து இலட்சுமிப்பிள்ளையின் குரல்: "அண்ணன், எண்பத்தொண்டு எண்டு காட்டுது!"

வினாயகமூர்த்தி அண்ணன் கடப்பில் நின்றபடியே சொன்னார்: "வடிவாப் பாருங்க தங்கச்சி. தொண்ணூற்றெட்டாத்தான் இரிக்கும்."

நான் திரும்பிக் குளக்கட்டுக்கு வண்டியை விட்டு, டொக்டருக்கு எண்பத்தொன்று என்று சொன்னேன். அப்படியே, ஒன்றும் கூட்டாமல், குறைக்காமல். அது எவ்வளவு லேசான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. குப்புறப் படுக்க வைக்கச் சொன்னார். வைத்தோம். முக்கால் மணித்தியாலத்தில் அம்புலன்ஸ் வந்தது. சாமித்தம்பி இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஊரில் மற்றவர்களுக்கு அடுத்த நாளே அவரவர் விரலில் பார்த்தார்கள். தப்பினார்கள். அதில் எங்கள் கெட்டித்தனம் ஒன்றுமில்லை.

சாமித்தம்பி உயிரோடு வந்துவிட்டான். ஆனால் வட்டைக்குப் போவதில்லை. வாசலில் இருந்து கிணற்றடிக்குப் போகவே இரண்டு இடத்தில் நிற்கிறான். இரண்டு நாள் முந்திக் கொண்டுபோயிருந்தால் நெஞ்சு இவ்வளவு பழுதாகியிருக்காது என்று டொக்டர் சொன்னாராம். அந்த இரண்டு நாளும் எங்கே போயின என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். தெரியாதவர் ஒருவர்தான்.

போன வருசம் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள், கொரோனாக் காலத்தில் சேவை செய்தவர்களைப் பாராட்ட. டொக்டர் சுலோஜனாவையும் அழைத்திருந்தார்கள். வேலை, வரமுடியவில்லை என்று சொல்லி அனுப்பினார். வினாயகமூர்த்தி அண்ணனுக்குப் பொன்னாடை. "நாங்க மட்டும் நேரத்துக்குப் பேசிக் குடுக்காட்டி, சாமித்தம்பி மச்சான் இண்டைக்கு இதில இரிக்கமாட்டாரு" என்று அவர் சொன்னபோது சனம் கை தட்டியது. முன்வரிசையில் இருந்த சாமித்தம்பியையும் இரண்டு வார்த்தை சொல்லக் கூப்பிட்டார்கள். அவன் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினான். மைக்கை வாங்கினான். மூச்சை எடுத்து, சபையைப் பார்த்து, வாயைத் திறந்தான். அவனுக்குச் சொல்ல இருந்தது என்னவென்று அவன் முகத்திலேயே எழுதியிருந்தது.

"அவருக்கு இளைக்கும்," என்று வினாயகமூர்த்தி அண்ணன் மைக்கை மெதுவாகத் திருப்பி வாங்கினார், "நான் சொல்லுறன்."

சிரிக்கிறீர்கள். நானும் இந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவன்தான், சென்ற மாதம் வரைக்கும். சென்ற மாதம் மனைவியைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். "எத்தனை நாளா இந்த வலி?" என்று டொக்டர் அவளைப் பார்த்துக் கேட்டார். "மூன்று நாளா," என்றேன் நான். டொக்டர் எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஒரு மாசமா."

அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனோம். இந்த முறை நான் வெளியே வாங்குப் பலகையில் இருந்தேன். அது பெரிய கஷ்டம். நாக்கு அரித்தது.

உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, தெரியும். உங்கள் தாய்க்கு எங்கே நோகிறது என்று நீங்கள் ஒருநாளும் டொக்டருக்குச் சொன்னதில்லை. உங்கள் பெண்சாதிக்கு ஒன்றுமில்லை, வெறும் அலுப்புத்தான் என்று சொன்னதில்லை. நல்லது. எதற்கும் அந்தக் கையைக் கொஞ்சம் வெளிச்சத்தில் காட்டுங்கள் பார்ப்போம். மோதிரத்தைக் கழற்ற வேண்டாம், அப்படியே காட்டுங்கள்.